சாரை இரை எடுத்த 41-ஆம் நாள்

கார்த்திகை அடைமழையில் எங்கள் தெருக்கோடி மீன்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலையில் ஒரு சாரை மாட்டிக்கொண்டது. ராத்திரி முழுக்க முறுக்கி முறுக்கி இழுத்திருக்கிறது. காலையில் நான் போனபோது கழுத்துக்கு ஒன்றரை அடி கீழே நூல் தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்தே முக்கால் அடி நீளம். நல்ல எண்ணெய்ப் பழுப்பு நிறம். வால் பக்கம் கறுப்புக் கட்டங்கள்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். வீடுகளுக்குள் வரும் பாம்புகளைப் பயிற்சி எடுத்துக்கொண்டு மீட்டு வனத்துறையிடம் ஒப்படைப்பதை எட்டு வருஷமாகச் செய்கிறேன். மற்ற பாம்புகள் ஒரு மணி நேரம்கூட என்னிடம் இருந்ததில்லை. இந்தச் சாரைக்கு மட்டும் 11 தையல் போட வேண்டியிருந்தது. பாம்பின் தோல் மெதுவாகத்தான் கூடும், ஐந்தாறு வாரம் தையலைப் பிரிக்கவே கூடாது என்றார் கால்நடை மருத்துவர். அதுவரை வைத்துப் பார்க்க அருகில் இடம் இல்லாததால், வனத்துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, அவர்கள் வந்து பார்த்துப்போகும் ஏற்பாட்டோடு என் வீட்டில் வைத்தோம்.

அனுமதி பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வயலிலோ கொல்லையிலோ பிடித்த சாரையை ஆசைக்காக வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம். "ஒரு பாம்பு பிடிச்சு வச்சிருக்கேன், சாப்பிட மாட்டேங்குது, என்ன கொடுக்கட்டும் மிஸ்?" என்று பையன்கள் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். எடுத்த இடத்திலேயே இன்றைக்கே விட்டுவிடு என்பதைத் தவிர அவர்களுக்கு நான் வேறு எதையும் சொன்னதில்லை. நான் எழுதப்போவது, காயம்பட்ட பாம்பை வேறு வழியில்லாமல் பொறுப்பேற்றுக்கொள்ளும் மீட்பாளர்களுக்காக. சாரைக்கு விஷம் இல்லை. ஆனால் நல்ல பாம்பைச் சாரை என்று நினைத்துக் கையை நீட்டி உயிரை விட்டவர்கள் உண்டு. பயிற்சி இல்லாதவர்கள் எந்தப் பாம்பையும் தொட வேண்டாம்.

முதல் ஒரு வாரம் இரையைப் பற்றியே நினைக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் வை என்றார் மருத்துவர். தோலை லேசாகக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றியதற்கு அதுதான் அடையாளம். அந்த நிலையில் இரை உள்ளே போனால் செரிக்காது. பழைய அன்னக்கூடை ஒன்றில் மூன்று விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அதற்குள் இறங்கி அரைநாள் அப்படியே கிடந்தது. தாடை அசைய அசைய நிதானமாகக் குடித்தது. "பசும்பால் ஒரு டம்ளர் ஊத்தேன்டி, வாயில்லா ஜீவன்" என்றார் என் அத்தை. திருநாகேஸ்வரத்துக்கு வருஷா வருஷம் போய்வருகிறவர். அவர் சொன்னது அன்பினால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாலைச் செரிக்கிற வயிறு பாம்புக்குக் கிடையாது. தாகத்தில் தவிக்கிற பாம்பு எந்த ஈரத்தையும் குடிக்கும். குடித்த பிறகு அவதிப்படும். இதை அவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். "அப்ப தண்ணிய நல்ல தண்ணியா வை" என்று குடிநீர்க் குடத்திலிருந்து அவரே மொண்டு கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் தண்ணீர் மாற்றுவது அத்தையின் வேலை ஆனது.

எட்டாம் நாள் என் முதல் தவறு. பெட்டிக்குள் உயிருள்ள எலி ஒன்றை விட்டேன். வயலில் துரத்திப் பிடிக்கிற பாம்பு, கண்ணெதிரே ஓடுகிற எலியை விடுமா என்று நினைத்தேன். அது எலியைப் பார்த்து ஒடுங்கியது. மூலையில் சுருண்டு, கழுத்தை உப்பவைத்து, உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. இரவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வால் பக்கம் நான்கைந்து செதில்களை எலி கொறித்து வைத்திருந்தது. பசித்த எலி, அசையாமல் கிடக்கிற பாம்பைத் தின்னும். இது எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து தெரிந்திருந்தும், என் பெட்டிக்குள் நடக்கும் என்று தோன்றவில்லை. அதற்குப் பிறகு உயிருள்ள இரை வைத்ததே இல்லை.

பன்னிரண்டாம் நாள் கோழிப்பண்ணையிலிருந்து இறந்த குஞ்சு ஒன்று. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் செய்ததை எழுத இப்போதும் கை தயங்குகிறது. பாம்பு மீட்கிற வேறொரு ஊர்க்காரர், "வாயைத் திறந்து உள்ள தள்ளிடுங்க, ஒரு தடவை ருசி கண்டா தானா எடுக்கும்" என்றார். மருத்துவரைக் கேட்காமல் செய்தேன். ஒருவர் தலையைப் பிடிக்க, நான் சிறு எலி ஒன்றை இடுக்கியால் தொண்டைக்குள் இறக்கினேன். மறுநாள் மத்தியானம் முழுசாகக் கக்கிவிட்டது. ஈறில் ரத்தக்கீறல் வேறு. "பட்டினியில அது சாக இன்னும் நாள் இருந்துச்சு, நீங்க செஞ்சதுல இன்னும் சீக்கிரம் செத்திருக்கும்" என்றார் மருத்துவர். ஒரு தடவை கக்கிய பாம்பின் வயிற்றில் செரிமான நீர் திரும்பச் சுரந்து நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் மறுபடி கொடுத்தால் மறுபடி கக்கும், இன்னும் மெலியும். குழாய் போட்டு உணவு செலுத்த வேண்டிய கட்டம் வரலாம். அது மருத்துவர் முடிவெடுத்து, மருத்துவர் கையால் நடக்க வேண்டியது.

அந்த இரண்டு வாரம் எனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்திருந்தேன். ஆனால் பாம்பை முதல்முறையாகச் சரியாகக் கவனித்தது அப்போதுதான்.

பெட்டி முன்கட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. நாலடி நீளம், இரண்டடி அகலம், முன்பக்கம் கம்பிவலை. தெருப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். பாடம் சொல்கிற ஆர்வத்தில் நானே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை யாராவது குனிந்து பார்க்கும்போதும் அது கம்பிவலையில் மூக்கை உரசிக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. மூக்கு நுனித் தோல் வழண்டு சிவந்திருந்தது. சாரைக்குப் பெரிய கண். பகலில் வேட்டையாடுகிற பாம்பு என்பதால் அசைவை நன்றாகப் பார்க்கும். காலடி அதிர்வு தரை வழியாக அதன் தாடை எலும்புக்குப் போய்ச் சேரும். மாடு கட்டுகிற சத்தம், மோட்டார் சைக்கிள், நான் மணிக்கு ஒருதரம் போய் எட்டிப் பார்ப்பது எல்லாமே அதற்கு ஒன்றுதான்: யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள். உயிர் தப்புமா என்று தெரியாத நேரத்தில் எந்த ஜீவனுக்கும் பசிக்காது. அது இரை எடுக்காததற்கு எலியின் மேல் குறை இல்லை. என் பார்வைதான் காரணம்.

பெட்டியைப் பின்கட்டில் பழைய குதிர் இருந்த அறைக்கு மாற்றினேன். கம்பிவலையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டு, கண்ணாடி முழுக்கச் சாணித்தாள் ஒட்டினேன். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் துளை. உள்ளே ஏற்கெனவே பெரிய மண்பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தேன். பாம்பு அதில் தங்கவே இல்லை. பானைக்குள் அவ்வளவு இடம் இருந்தால் அதற்கு அது வெட்டவெளி மாதிரிதான். எலிவளையில் உடம்பின் நாலு பக்கமும் மண் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நெருக்கம்தான் பாதுகாப்பு. சுருண்டால் சரியாக அடைகிற அளவில் சின்னப் பானை எடுத்து, பக்கவாட்டில் துளை போட்டு, உள்ளே வாழைச்சருகு அடைத்து வைத்தேன். அன்று சாயங்காலமே உள்ளே போய்விட்டது. மூக்கு உரசுவதும் அன்றோடு நின்றது.

அடுத்தது குளிர். மார்கழியில் எங்கள் பக்கம் விடியற்காலை 20, 21 டிகிரிக்கு இறங்கும். நமக்குப் போர்வை இருக்கிறது. பாம்பின் உடல் சூடு வெளிச் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த வயிற்றில் இரை செரிக்காமல் அழுகும் என்பதால் அது வாயே திறக்காது. கோழிக்குஞ்சுக்குச் சூடு வைக்கிற மாதிரி 40 வாட் பல்பு ஒன்றை வேறொரு பானைக்குள் தொங்கவிட்டு, பானையின் வாயைக் கம்பிவலையால் இறுகக் கட்டிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்தேன். பானை வெதுவெதுப்பாகும், வெளிச்சம் கண்ணில் படாது. அந்தப் பக்கம் 30 டிகிரி, எதிர்மூலையில் 25. இரண்டு பக்கமும் வெப்பமானி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்; கையால் தொட்டுச் சொல்கிற கணக்கு தப்பும். சூடு வேண்டுமானால் இங்கே, வேண்டாமென்றால் அங்கே என்று நகர்ந்துகொள்கிற வசதிதான் முக்கியம். கரண்ட் போன இரவுகளில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தேன்.

இருபத்து நாலாம் நாள் கண் பால் விட்ட மாதிரி வெளுத்தது. சட்டை உரிக்கப் போகிறது. இந்தச் சமயத்தில் பார்வை மங்கிப் பாம்பு இரையைத் தொடாது. இது தெரியாமல், "இன்றைக்கும் சாப்பிடவில்லை" என்று கலங்குகிறவர்கள் நிறைய. ஒன்பது நாள் கழித்து உரித்தது. தையல் இருந்த இடத்தில் மட்டும் சட்டை ஒட்டிக்கொண்டது. மருத்துவர் ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுத்தார். முப்பத்தாறாம் நாள் தையல் பிரித்தாயிற்று.

வந்தபோது 870 கிராம். வாரம் ஒருமுறை துணிப்பையில் போட்டு நிறுப்பேன், மற்ற நேரம் கையால் தொடுவதே இல்லை. அந்த வாரம் 795. பத்து சதவீதம் குறைந்தால் உடனே கூட்டி வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். மலைப்பாம்பு மாதக்கணக்கில் சும்மா இருக்கும். சாரை ஓடியாடி இரை தேடுகிற பாம்பு, அதற்கு அவ்வளவு இருப்பு கிடையாது.

இனி எலி விஷயம். முதலில் நம் வயல் எலிதான் அதற்குப் பழக்கம் என்று எங்கள் ஊரில் கிட்டி வைக்கிறவரிடம் கேட்டேன். தஞ்சாவூர்க் கிட்டி தெரியாத விவசாயி இந்தப் பக்கம் இருக்க மாட்டார். மூங்கிலை வளைத்து வில்லாக்கி நட்டு வைத்தால் எலி மாட்டிக் கழுத்து இறுகிச் சாகும். மருந்து எதுவும் இல்லை. ஒரு இரவில் நூறு கிட்டி நடுகிறவர் அவர். ஆனால் அவரே தடுத்தார். "என் கிட்டியில மருந்து இல்ல டீச்சர். பக்கத்து வயல்காரங்க வச்சத இந்த எலி தின்னுட்டு வந்து மாட்டியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" மிகச் சரியான கேள்வி. சிங்க் பாஸ்பைடு தின்ற எலி சில மணி நேரத்தில் விழுந்துவிடும். புரோமடியோலோன் தின்ற எலியோ நாலைந்து நாள் நடமாடும். அதைத் தின்கிற பாம்புக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போகும். டெல்டாவில் சாரைகள் குறைவதைப் பேசும்போது நாம் மண்வெட்டியையும் தடியையும் மட்டும் சொல்கிறோம். எலி மருந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த வயல் எலியையும் நான் கொடுக்கவில்லை. எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் இருக்கும் என்பதால், கையாள்கிற நமக்கும் அது நல்லதில்லை.

திருச்சியிலிருந்து வளர்ப்பு வெள்ளை எலிகள் வாங்கிவந்தேன், கொன்று உறையவைத்தவை. இதற்கென்றே பழைய குளிர்பெட்டி ஒன்றை மாட்டுக்கொட்டகையில் வைத்துக்கொண்டேன். உறைந்ததைச் சாதாரணத் தண்ணீரில் இளகவிட்டு, கொடுக்கிறதற்கு முன் வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்தால் உயிருள்ள எலியின் சூடு வரும். நடுவில் சில்லென்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். அளவு, பாம்பின் உடம்பில் தடித்த இடத்தைத் தாண்டக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு முதல் இரை அதில் பாதி போதும். நான் 30 கிராம் எலியில் ஆரம்பித்தேன்.

முப்பத்தெட்டாம் நாள் வைத்ததைத் தொடவில்லை. இந்தத் தடவை நான் கலங்கவில்லை. பெட்டி சரி, சூடு சரி, சட்டை உரித்தாயிற்று. மிச்சம் வாசனைதான். சாரைக்கு நாக்குதான் மூக்கு. கூண்டில் வளர்ந்த வெள்ளை எலியின் வாடையை அது பிறந்ததிலிருந்து நுகர்ந்ததில்லை. மழைக்காலத்தில் இந்தப் பக்கத்துச் சாரை எதைத் தின்றிருக்கும்? தவளையைத்தான். ஆனால் வயல் தவளையைப் பிடித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. குடற்புழு வேறு அதன் வழியாக வரும். கிணற்றடியில் உட்கார்ந்திருந்த தவளை ஒன்றை ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். அந்தத் தண்ணீரில் இளகிய எலியை நன்றாகப் புரட்டி எடுத்தேன்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். அதுவரை எல்லா இரையையும் ராத்திரி வைத்தேன், பாம்பு என்றாலே இரவு என்று கை பழகிவிட்டது. சாரை பகலாடி. வெயில் ஏறிய பிறகு வரப்பில் ஓடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நாற்பத்தொன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு எலியை ஒரு வாழைமட்டையில் வைத்துப் பானைத் துளைக்கு அரையடி தள்ளி நகர்த்தினேன். கதவைச் சாத்தினேன். துளை வழியாகப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். தாளடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குத்தான் திரும்பினேன்.

மட்டை காலி. தண்ணீரில் கிடக்கிறதா, சருகுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறதா என்று நாணயத் துளை வழியாகத் தேடினேன். சூட்டுப் பானையை ஒட்டி அது நீளமாகப் படுத்திருந்தது, நடு உடம்பில் ஒரு சின்னப் புடைப்பு. அறைக்கு வெளியே வந்து அத்தையிடம் சைகையில் சொன்னேன். சத்தம் போடக் கூடாது என்று அவருக்கும் பழகியிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், நானும்தான்.

இரை எடுத்த பிறகு இரண்டு நாள் அறைக்குள்ளேயே போகவில்லை, தண்ணீர் மாற்ற ஒருதரம் தவிர. நிறுக்கவும் இல்லை. வயிற்றில் இரையோடு இருக்கிற பாம்பைத் தூக்கினால் கக்கிவிடும். ஐந்தாம் நாள் எச்சம் போட்டது. அதில் ஒரு துளி எடுத்துப் போய்ப் பரிசோதித்ததில் புழு முட்டைகள் இருந்தன. மருத்துவர் மருந்தை அடுத்த எலிக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னார். நாற்பத்தொன்பதாம் நாள் மறுபடியும் தவளைத் தண்ணீர், 40 கிராம் எலி. அப்புறம் வாரம் ஒன்று. மூன்றாவதிலிருந்து தவளைத் தண்ணீர் தேவைப்படவில்லை. வைத்து ஐந்து நிமிஷத்தில் பானைக்குள்ளிருந்து தலை வெளியே வரும். வளைத்துச் சுற்றி நெரிக்கிற பாம்பு இல்லை இது. உடம்பால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு விழுங்கும். செத்த எலியையும் அப்படியே அழுத்தியதைத் துளை வழியாக ஒரே ஒருதரம் பார்த்தேன்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பெட்டிச் சாமான் எதையும் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவில்லை. பாம்பு எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

எடை 880-ஐத் தொட்டதும் விடலாம் என்றார் மருத்துவர். தை மாதம் முழுக்கச் சம்பா அறுவடை, வயலெல்லாம் அறுவடை இயந்திரம். அதற்குள் விட்டால் மறுபடி வெட்டுப்படும். எங்கள் பக்கம் அறுப்பு முடிகிறவரை காத்திருந்தோம். கடைசி இரை கொடுத்து ஆறு நாள் ஆன பிறகு, வனத்துறையிலிருந்து வந்தவரோடு, வலை இருந்த குட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள களத்துமேட்டுக்குப் பையைக் கொண்டுபோனோம். தொலைவாகக் கொண்டுபோய் விட்டால் எங்கே வளை, எங்கே தண்ணீர் என்று தெரியாமல் அலைந்து சாகும். குட்டைக்காரர் இப்போது நைலான் வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டியிருக்கிறார்.

கிட்டி வைக்கிறவரும் வந்திருந்தார். பையின் வாயைத் தரையில் சாய்த்து அவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்றோம். சாரை தலையை நீட்டி நாக்கால் காற்றைத் தடவியது. பிறகு வைக்கோல் அடியில் நுழைந்து, வரப்பில் இருந்த எலிவளை ஒன்றைக் கண்டுபிடித்து உள்ளே இறங்கியது. தலை மறைந்த பிறகும் கட்டம்போட்ட வால் கொஞ்ச நேரம் வெளியே நீண்டிருந்தது.

"இந்த வரப்புல இனி நான் கிட்டி நடல டீச்சர்," என்றார் அவர். "இங்க ஆள் இருக்கு."